உமிச் சாம்பலில் வந்த கோடுகள்

1

ஊரில் கல்யாண வீடு என்றால் யாராவது வீடியோவில் என்னைக் கூப்பிடுவார்கள். என் முகம் தெரிந்ததும் முதல் கேள்வி, "இன்னும் பெட்டரிக் கடையிலயா வேல?" என்பதுதான். கடை இல்லை, ஆராய்ச்சிக்கூடம் என்று விளக்கினால், "அப்ப எங்க வேனுக்கு ஒரு நல்ல பெட்டரி அனுப்பேன்" என்று ஒரு மாமி நிச்சயம் கேட்பார். நாங்கள் செய்வது சட்டைப் பொத்தான் அளவு பெட்டரி, அதையும் சோதித்த பிறகு எறிந்துவிடுவோம் என்றால் அவருக்குக் கோபம் வரும். அதனால் ஆமாம், கடைதான் என்று சொல்லிவிடுவேன்.

இப்போது அப்படித் தட்டிக்கழிக்க முடியவில்லை. எங்கள் ஊரான கலேவெலயில் எங்கள் வீட்டைப் பற்றி ஒரு கதை சுற்றுகிறது. ஜெர்மனியில் இருக்கிற தங்கச்சி மெஷினில் போட்டுப் பார்த்து, காணாமல் போன நானாவின், அதாவது அண்ணனின், எலும்பைக் கண்டுபிடித்தாளாம். தம்புள்ள சந்தை வரைக்கும் அந்தக் கதை போயிருக்கிறதாம். நான் அப்படி எதையும் கண்டுபிடிக்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டால் என் மனம் கொஞ்சம் அடங்கும்.

நான் பள்ளிக்கூடத்து ஓ.எல். பரீட்சை எழுதும் முன்பே படிப்பை விட்டவள். கல்யாணம் முடித்து இங்கே வந்தேன். அந்தக் கூடத்தில் முதலில் தரை துடைத்தேன். பிறகு சாடிகள் கழுவினேன். இன்று தூள் அரைக்கிறேன், நிறுக்கிறேன், அடுப்பில் வைக்கிறேன், செப்புத் தாளில் பூசுகிறேன். வளர்ந்தது என் அறிவு என்று யாரும் நினைக்க வேண்டாம். வளர்ந்தது என் பயம். தொழுகைக்கு முன் வுளூச் செய்யும்போது கையைக் கழுவினேனா இல்லையா என்று சந்தேகம் வந்து திரும்பத் திரும்பக் கழுவுகிற பிள்ளையாக இருந்தேன். "வஸ்வாஸ் புடிச்சவ, கிணறு வத்தப் போகுது" என்று உம்மா ஏசுவார். அதே சந்தேகத்தால்தான் இங்கே எந்த மூடியையும் திறந்தபடி விட்டு வந்ததில்லை. பூட்டிய கதவைப் பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கிறவளுக்கு இந்த நாட்டில் ஒரு வேலை கிடைத்தது.

2

எங்கள் கூடத்தில் கண்ணாடி முகப்பு வைத்த ஒரு பெரிய பெட்டி இருக்கிறது. உள்ளே காற்று கிடையாது, ஈரம் கிடையாது, ஆர்கன் என்ற வாயு மட்டும்தான். லித்தியத்தைச் சாதாரணக் காற்றில் வெட்டினால் கண்முன்னே கறுத்துப்போகும். அந்தப் பெட்டிக்குள் வெட்டினால் வெள்ளிக் காசு மாதிரி அப்படியே இருக்கும். பெட்டரியின் இரண்டு பக்கத் தகடுகளையும் நடுத்தாளையும் உள்ளே வைத்துத்தான் மூட வேண்டும். அதற்காக முகப்பில் தோள் வரை நீளமான கறுப்பு ரப்பர்க் கையுறைகளைப் பொருத்தியிருக்கிறார்கள். வெளியே நின்று அவற்றுக்குள் கையை விட்டால், நம் கை உள்ளே போய் வேலை செய்யும்.

உள்ளே வாயு அழுத்தம் கூடுதலாக வைத்திருப்பார்கள். அதனால் யாரும் வேலை செய்யாத நேரத்தில் கையுறைகள் வெளியே பிதுங்கி, விரல்களை விரித்தபடி அறையைப் பார்த்து நீண்டு நிற்கும். முதன்முதலில் வாளியோடு அந்த அறைக்குள் போன காலையை என்னால் மறக்க முடியாது. உள்ளே அடைபட்ட யாரோ கையை மட்டும் வெளியே நீட்டி நிற்பது போலிருந்தது. பிஸ்மி சொல்லிக்கொண்டு சுவரோடு ஒட்டி நடந்தேன். இன்றைக்கும் அந்தக் கைகளைத் தள்ளி உள்ளே அனுப்புவதற்கு முன் ஸலாம் சொல்கிறேன். கூட வேலை செய்கிறவர்கள் அது எங்கள் நாட்டு வேலைமுறை என்று நினைக்கிறார்கள்.

என் மேலதிகாரி கத்ரின். என்னைவிட வயது குறைந்த பெண். நெல் உமியை எரித்த சாம்பலில் சிலிக்கா நிறைய இருக்கும். அதை மக்னீசியத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் சிலிக்கான் வரும். அதைப் பெட்டரியின் ஒரு பக்கத் தகட்டில் சேர்த்தால் அதிக மின்சாரம் தாங்கும். பல நாட்டுச் சாம்பலை ஒப்பிட்டுப் பார்க்கிறார். "உங்கள் ஊரில் நெல் உண்டா?" என்று ஒரு நாள் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டு வளவுக்குப் பின்னால் வயல், வயலுக்குப் பக்கத்தில் மில், மில்லுக்குப் பின்னால் மலை மாதிரி உமி. சின்ன நானாவிடம் சொல்லி எரித்து அனுப்பச் சொன்னேன்.

3

பொதி கப்பலில் மாதக்கணக்கில் வந்து சுங்கத்தில் நின்றுவிட்டது. கூப்பிட்டு அனுப்பினார்கள். மேசையில் என் பொதி. பக்கத்தில் கையுறை போட்ட அதிகாரி.

"சாம்பல்" என்றார்.

"ஆமாம், சாம்பல்" என்றேன்.

"யாருடைய சாம்பல்?"

என் ஜெர்மன் மொழிக்கு எப்போதும் நெஞ்சு படபடக்கும். நெல் என்பதற்குச் சொல் வரவில்லை. சோறு என்றேன். சோற்றின் தோல் என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கத்ரின் தொலைபேசியில் பேசித்தான் பொதியைத் தந்தார்கள். வெளியே வந்து பனியில் நின்றபோதுதான் கவனித்தேன், பொதியை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தேன்.

அதற்குக் காரணம் எங்கள் பெரிய நானா.

நாங்கள் மூன்று பேர். பெரிய நானா, சின்ன நானாவான நவாஸ் நானா, நான். பெரிய நானாவுக்கு ஒரு கட்டத்தில் பேச்சுக் குறைந்துபோனது. மாத்தளையில் மருந்து எடுத்தோம், ஓதிப் பார்த்தோம், எதுவும் சரிவரவில்லை. ஒரு நாள் காலை வயலுக்குத் தண்ணீர் திருப்புவதில் அவருக்கும் நவாஸ் நானாவுக்கும் பெரிய சத்தம். மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு பெரிய நானா செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். திரும்பி வரவில்லை. சில நாள் கழித்து நவாஸ் நானா வந்து சொன்னார், மாத்தளை பஸ் நிலையத்தில் அவர் லக்கல பஸ்ஸில் ஏறினதைக் கண்டதாக. கண்டது அவர் மட்டும்தான்.

உம்மா மலைக்காட்டோரத்து லக்கலைக்குப் போகத் தொடங்கினார். காலையில் போகிற பஸ்ஸை விட்டால் வேறு பஸ் சரியாகக் கிடையாது. போட்டோவைக் காட்டினால் அங்குள்ள சனங்கள் கையை விரிக்கவில்லை. கண்டோம் என்றார்கள். பேசாத மனுசன், காட்டை வெட்டிப் பயிர் செய்கிற சேனையில் யானைக் காவலுக்குக் கட்டிய குடிலில் இருந்தார் என்றார்கள். உம்மா அந்தக் குடிலில் அவர் உடுத்த ஒரு புதுச் சாரனும் பிஸ்கட்டும் வைத்துவிட்டு வந்தார். அடுத்த தரம் போனபோது இரண்டும் இல்லை. குடில் கூட்டித் துப்புரவாக இருந்ததாம். அந்தச் சாரனை நம்பித்தான் உம்மா இத்தனை காலம் சாப்பிட்டார், தூங்கினார்.

காணிப் பத்திரம் மாற்றப் போனால் செயலகத்தில் மரணச் சான்றிதழ் கேட்பார்கள். "இருக்கிறாரா, இல்லையா, அதைச் சொல்லுங்க அம்மா" என்று சிங்களத்தில் அன்பாகத்தான் கேட்பாராம் அந்த உத்தியோகத்தர். உம்மா எழுந்து வந்துவிடுவார். பள்ளிவாசலில் காயிப் ஜனாஸா தொழுவிப்போம், இறந்தவருக்கான தொழுகையை உடல் இல்லாமலே தொழலாம் என்று உறவுக்காரர்கள் சொன்னபோதும், "உசிரோட இருக்கிற புள்ளைக்கு மையித்துத் தொழுகையா?" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

என் மகள் சஹ்லா இங்கே பிறந்தவள். தமிழைத் துண்டு துண்டாகத்தான் பேசுவாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது போட்டோவைப் பார்த்து, "இந்த மாமா இன்னும் காணாப் போயிட்டே இருக்காரா?" என்று கேட்டாள். திருத்தத் தோன்றவில்லை. அதைவிடச் சரியாக எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை.

4

சாம்பலைக் கழுவுவதற்கு முன் எக்ஸ்ரே கருவியில் வைத்துப் பார்ப்பார்கள். அது உள்ளே என்ன பொருள் இருக்கிறது என்று கோடு போட்டுக் காட்டும். உமிச் சாம்பலுக்குப் பெரிதாக ஒன்றும் வராது. தூரத்தில் தெரிகிற மலை மாதிரி ஒரு மழுங்கலான மேடு, அவ்வளவுதான். மற்ற நாட்டுச் சாம்பலெல்லாம் அப்படித்தான் இருந்தது.

எங்கள் ஊர்ச் சாம்பலில் மேடு இருந்தது. மேட்டின் மேல் ஊசி ஊசியாகக் கோடுகள் எழும்பி நின்றன.

கத்ரின் கணினியில் ஒப்பிட்டார். ஒரு நுண்நோக்கியிலும் வைத்துப் பார்த்தார். கல்சியம், பொஸ்பரஸ் என்றார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்: "எலும்பு. எரித்த எலும்பு இப்படித்தான் காட்டும்."

"என்ன எலும்பு?"

"அது இதில் தெரியாது. மாடோ, மீனோ, எல்லா எலும்புக்கும் ஏறக்குறைய இதே கோடுதான்." தோளைக் குலுக்கினார். "பிரச்சினை இல்லை. வியாழக்கிழமை அமிலத்தில் கழுவும்போது கரைந்துவிடும். வழக்கம்போல நீங்களே செய்துவிடுங்கள்."

சாடியை அலமாரியில் வைத்தேன். சாம்பலில் வெள்ளை வெள்ளையாகச் சிறு துணுக்குகள் கிடந்தன. முதலில் நான் அவற்றைக் கவனிக்கவே இல்லை. இப்போது அவற்றைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

மாடோ, மீனோ என்றார் கத்ரின். அவருக்குத் தெரிந்தது அவ்வளவு. எங்கள் வளவில் ஒருவர் தண்ணீருக்குச் சண்டை பிடித்துக் காணாமல் போனது அவருக்குத் தெரியாது. அவர் பஸ்ஸில் ஏறினதைக் கண்டது ஒரே ஒரு ஆள் என்பதும், அந்த ஆள்தான் இந்தச் சாம்பலை எரித்து அனுப்பியவர் என்பதும் தெரியாது. நினைக்கக் கூடாது என்று தலையை உதறினேன். என்னைத் தூக்கி வளர்த்த நானா அவர். ஆனால் வஸ்வாஸுக்கு நானா, தம்பி என்ற கணக்குக் கிடையாது. ஒரு தரம் உள்ளே வந்துவிட்டால் போகாது.

வியாழக்கிழமை நான் அமிலம் ஊற்றினால் எலும்பு கரையும். கரைந்த நீர் கழிவுக் கலனுக்குப் போகும். கலனை லொறி ஏற்றிக்கொண்டு போகும். அது மாடாக இருந்தால் ஒன்றும் இல்லை. இல்லாவிட்டால், என் உம்மா பெற்ற பிள்ளையை நான் என் கையால் பிளாஸ்டிக் கலனில் ஊற்றுகிறேன்.

அந்த இரண்டு நாளும் வேலை அறைக்குள் போகும்போதெல்லாம் அலமாரிப் பக்கம் யாரோ நிற்பது போலவே இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. சாடியின் மூடியை மட்டும் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது. வெளியே நாலு மணிக்கே இருட்டுகிற காலம். ஜன்னல் கண்ணாடியில் என் முகம் தெரிகிற இடத்தில் பெரிய நானாவின் நெற்றி தெரிந்தது. எங்கள் இருவருக்கும் ஒரே நெற்றி.

5

சஹ்லா என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள். பாதி தமிழிலும் பாதி ஜெர்மனிலும் சொன்னேன்.

"கேளுங்க" என்றாள்.

"எப்படிக் கேக்கிற? நானாவல்லவா?"

"போன்ல" என்றாள். தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுக்கு அவ்வளவு எளிது.

புதன்கிழமை மதியம், கூடத்தின் படிக்கட்டில் நின்று நவாஸ் நானாவுக்குப் போன் எடுத்தேன். ஊரில் மாலை அஸர் தொழுகை தாண்டியிருக்கும். நவாஸ் நானா ஏதோ வேலையாக இருந்தார். வழக்கம்போல போனை ஸ்பீக்கரில் போட்டுப் படியில் வைத்துவிட்டுப் பேசினார். மண்வெட்டிச் சத்தம் கேட்டது.

"என்ன தங்கச்சி, வெள்ளைக்காரி சாம்பலுக்கு மார்க் போட்டாவா?"

"நானா, அத எங்க வச்சு எரிச்சீங்க?"

"பின்னால குழியில. ஏன், நல்லா சலிச்சுத்தானே அனுப்பினேன்."

"உமிய மட்டுமா எரிச்சீங்க?"

மண்வெட்டிச் சத்தம் நின்றது. "வேறென்னத்த எரிக்க?"

"எலும்பு இருக்காம்."

"யாரு செல்றது?"

"மெஷின்."

"அந்த மெஷினுக்கு வேற வேல இல்லயா?" சிரிக்கப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அறுத்த மாட்டோட எலும்பு. ஆழமாத்தான் புதைச்சேன். நாய் தோண்டிட்டு. அடுத்த நாள் போயா. பன்சலைக்குப் போற சனம் வெள்ள உடுத்துட்டு இந்த வழியாத்தான் போகும். நாய் ஒண்ணு தொடை எலும்ப வாயில வச்சிட்டு வேலியில நிக்கிது. யாராச்சும் கண்டா என்ன கதையாகும், செல்லு? உமி எரிஞ்சிட்டு இருந்திச்சு. பொறுக்கி அதுல போட்டுட்டேன். சாம்பல் சாம்பல்தானேன்னு நெனச்சேன்."

அது முழுக்க நம்பக்கூடிய பதில். பௌத்தர்கள் விகாரைக்குப் போகிற போயா என்ற பௌர்ணமி நாளில் மாடு அறுத்த அடையாளம் வெளியே தெரிந்தால் பெரிய பிரச்சினையாகும். நம் ஊர் முஸ்லிம் வளவில் இருக்கிற எவரும் அப்படித்தான் செய்திருப்பார்கள். நான் அல்ஹம்துலில்லாஹ் என்று போனை வைத்திருக்கலாம். வைக்க முடியவில்லை. கையைக் கழுவிய பிறகும் திரும்பக் கழுவுகிற அந்தப் பிள்ளை எனக்குள்ளிருந்து பேசியது.

"நானா, பெரிய நானா பஸ்ல ஏறினத நீங்க மட்டும்தானே கண்டீங்க?"

அந்தப் பக்கம் ஒரு கோழி கொக்கரித்தது.

"தங்கச்சி" என்றார். "நீ என்ன கேக்கிறன்னு தெரிஞ்சுதான் கேக்கிறியா?"

"ஆமா."

"குழியத் தோண்டிப் பாக்கச் செல்றியா? வந்து தோண்டு. வயல் முழுக்கத் தோண்டு. நானே மண்வெட்டி தாறேன்."

"அதில்ல நானா. பஸ்ஸச் செல்லுங்க."

அவர் மண்வெட்டியைக் கீழே போடுகிற சத்தம் கேட்டது.

"காணல்ல" என்றார்.

"என்ன?"

"பஸ்ஸையும் காணல்ல, அவரையும் காணல்ல. அன்னைக்கி நான் மாத்தளைக்கே போகல்ல. உம்மா வாயில தண்ணி கூட வைக்காமக் கிடந்தாங்க. நான் சண்ட புடிச்சதாலதான் போனாருன்னு என் மொகத்தையே பாத்துட்டுக் கிடந்தாங்க. எங்கயோ உசிரோட போறாருன்னு யாராச்சும் செல்லணும். வாயில லக்கல வந்திச்சு. பக்கத்து ஊரச் சென்னா அன்னைக்கே போய்ப் பாத்திருப்பாங்க."

அப்போதுதான் அந்தப் பக்கத்தில் மூன்றாவது குரல் கேட்டது. போனுக்கு மிக அருகில்.

"அப்ப நான் வச்சிட்டு வந்த சாரன யாருடா எடுத்தது?"

உம்மா. எவ்வளவு நேரமாக அந்தப் படியில் நின்றார் என்று தெரியாது.

நவாஸ் நானா, "உம்மா, உம்மா" என்றார். அந்தச் சாரனை எடுத்தது யாரென்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. இதை எழுதும்போதும் தெரியவில்லை. பேசாத மனுசன் என்று லக்கல சனங்கள் யாரைக் காட்டினார்கள்? குடிலைக் கூட்டி வைத்தது யார்? யாரோ ஒருவர் அந்தக் காட்டோரத்தில் என் உம்மா வாங்கிய சாரனை உடுத்துக்கொண்டு நடமாடியிருக்கிறார். எங்கள் வீட்டில் அவருக்காக துஆக் கேட்டிருக்கிறோம்.

6

வியாழக்கிழமை நான் அமிலம் ஊற்றினேன். துணுக்குகள் சிறு குமிழிகளை விட்டுக் கரைந்தன. வடித்தேன், தண்ணீரில் கழுவினேன், உலர்த்தினேன். அடுத்த வாரம் கத்ரின் புதுப் படத்தைக் காட்டினார். கோடுகள் போய்விட்டன. மழுங்கலான மேடு மட்டும். "சுத்தம்" என்றார். அதிலிருந்து சிலிக்கான் எடுத்துப் பெட்டரி செய்தோம். மற்ற நாட்டுச் சாம்பலைவிடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஊரில் பேசுகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்: மெஷின் சொன்னது எலும்பு என்பதை மட்டும்தான். மாட்டு எலும்பு என்று சொன்னது என் நானா. நான் அவரை நம்புகிறேன். நம்புகிறேன் என்பதை நாளுக்கு எத்தனையோ தரம் எனக்கே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பது வேறு விஷயம், அது என் நோய்.

சில நாள் கழித்து உம்மாவே எனக்குப் போன் எடுத்தார். குரலில் அழுகை இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"புள்ள, லக்கலைக்குப் போனாருன்னு நெனச்சதாலதான் பொறுத்துட்டு இருந்தேன். அவரு எங்கயும் போகல்லன்னா அப்ப எங்க இருக்காரு? எனக்கு ஏலாது. நானாட்ட செல்லு, பள்ளியில தொழுவிக்கச் செல்லி."

"நானா பக்கத்துலதானே இருக்காரு, நீங்களே செல்லுங்களேன்."

"அவனோட நான் பேசறதில்ல" என்றார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஜெர்மனி வழியாக அவருக்குச் செய்தி அனுப்பினார் உம்மா.

மௌலவி முதலில் தயங்கினாராம். மவுத்து என்று உறுதியாகத் தெரியாதே என்றாராம். பிறகு, அவர் மவுத்தாகியிருந்தால் என்று நிபந்தனையோடு மனதில் நிய்யத் வைத்துத் தொழலாம், ஜும்ஆவுக்குப் பிறகு வையுங்கள் என்றாராம்.

அந்த வெள்ளிக்கிழமை இங்கே காலை. கத்ரினிடம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு, ஆள் இல்லாத ஒரு கூட்ட அறையில் உட்கார்ந்தேன். நவாஸ் நானா அழைப்பை எடுத்துப் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். துணி உரசுகிற சத்தம், மின்விசிறிச் சத்தம், ஆட்கள் தோளோடு தோள் நெருங்கி நிற்கிற சத்தம். மௌலவி பெரிய நானாவின் பெயரையும், தகப்பன் பெயராக எங்கள் வாப்பாவின் பெயரையும் சொன்னார். வாப்பாவின் பெயரோடு சேர்த்து அந்தப் பெயரை ஒலிபெருக்கியில் கேட்டு எவ்வளவு காலம். "மவுத்தாகியிருந்தால்" என்பதை அழுத்திச் சொன்னார். நாலு தரம் தக்பீர் சொன்னார்கள். குனிவது இல்லை, ஸுஜூது இல்லை, முன்னால் உடல் வைத்த ஒரு சந்தூக்கும் இல்லை. இவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடுமா என்று நினைத்தேன்.

நானா போனை நிறுத்த மறந்துவிட்டார். நானும் நிறுத்தவில்லை. செருப்புத் தேடினார். படி இறங்கினார். சரளைக் கல்லில் நடந்தார். மூச்சு வாங்கியது. பின்னாலிருந்து ஒருவர், தொழுகைக்குப் பிந்தி வந்து கடைசி வரிசையில் நின்றிருக்க வேண்டும், கிட்ட வந்து கேட்டார்.

"தம்பி, ஜனாஸாத் தொழுகை யாருக்கு?"

"எங்க பெரிய நானாவுக்கு."

"இன்னாலில்லாஹி. நான் கேள்விப்படவே இல்லயே. எப்ப மவுத்து?"

சரளைக் கல்லின் சத்தம் நின்றது. அவர் இப்போது முழுக் கதையையும் சொல்ல வேண்டியிருக்கும், தண்ணீர்ச் சண்டையை, பஸ்ஸை, சாரனை, எல்லாவற்றையும் நடு ரோட்டில் சொல்ல வேண்டியிருக்கும் என்று நான் பயந்தேன்.

"இன்னைக்கி" என்றார் நவாஸ் நானா.